அனுமதி கொடுத்துவிட்டால் யாரிடம் முறையிடுவது?
சுன்னாகத்துக் கிணறுகளும் நமது பீலித் தண்ணீரும்



மேல் டிவிசன் ஒன்றிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதிய கடிதத்தை வைத்தே இந்த மாதக் கட்டுரையைத் தொடங்குகிறோம். லயத்துக்கு மேலே உள்ள ஊற்றிலிருந்துதான் முப்பது குடும்பத்துக்கும் பீலித் தண்ணி வருகிறதாம். இப்போது அந்த ஊற்றுக்குப் பக்கத்தில் பெக்கோ இயந்திரம் வந்து மண்ணை வெட்டுகிறது. கேட்டால், "எல்லாம் பெர்மிட் எடுத்துத்தான் செய்யிறோம்" என்று பதில். அந்தத் தாயார் எழுதுகிறார்: "பெர்மிட் கொடுத்தது யாரு? கொடுத்தது தப்புன்னா நாங்க யாருகிட்ட போறது? வேலையிலிருந்து நிப்பாட்டினா லேபர் டிரிபியூனலுக்குப் போறோம். அந்த மாதிரி இதுக்கும் ஒரு எடம் இருக்கா?"

நல்ல கேள்வி. தொழில் நியாய சபை என்றால் நம்மில் அநேகருக்குத் தெரியும். மனுவை நிரப்பிப் போட்டு, சங்கத்துத் தலைவரையோ பிரதிநிதியையோ கூட்டிக்கொண்டு போய், வேலைநீக்கம் நியாயமா இல்லையா என்று அடியிலிருந்து பேசலாம். அதைப்போல, ஒரு கட்டடத்துக்கோ தொழிற்சாலைக்கோ மின் நிலையத்துக்கோ அரசு அதிகாரி கொடுத்த அனுமதி தப்பு என்று அயலில் இருப்பவர் போய் முறையிட ஒரு நியாய சபை இலங்கையில் உண்டா? இல்லை என்பதுதான் நேரான பதில். நிருவாக மேன்முறையீட்டு நியாய சபை என்று ஒன்று 2002ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்திருக்கிறது. பெயரைக் கேட்டு ஏமாந்துவிடக் கூடாது. அது அரச உத்தியோகத்தரின் நியமனம், இடமாற்றம், ஒழுக்காற்று முதலிய விஷயங்களுக்கானது. நமது பீலிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் வழியே இல்லையா? இருக்கிறது. அது வளைந்த வழி, செலவுள்ள வழி. அந்த வழியில் போய்ப் பார்த்தவர்களின் கதை யாழ்ப்பாணத்தில் இருப்பதால் அதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் நமது மலைநாட்டைப்போல ஆறும் இல்லை, அருவியும் இல்லை. நிலத்துக்கடியில் சுண்ணாம்புக் கல். மழைத்தண்ணீர் அந்தக் கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் இறங்கித் தங்குகிறது. கீழே கடலின் உப்புத்தண்ணீர், அதன்மேல் மெல்லிய படலமாக நல்ல தண்ணீர் மிதந்துகொண்டிருக்கும். அதைத்தான் கிணறு வெட்டிக் குடிக்கிறார்கள், அதையே இறைத்து வெங்காயமும் புகையிலையும் மரக்கறியும் செய்கிறார்கள். ஆகையால் அங்கே மேலே ஊற்றியது எதுவானாலும் கீழே போகும். கீழே போனது ஒரு வளவோடு நிற்காது, வெடிப்பு வழியே அடுத்த வளவுக்கும் நடக்கும். நமக்கு ஒரு ஊற்று கெட்டால் அடுத்த மலையில் இன்னொரு ஊற்று இருக்கலாம். அவர்களுக்கு அப்படி அல்ல.

வலிகாமம் பகுதியிலே சுன்னாகம் பல காலமாக மின்சார ஊர். மின்சார சபையின் பழைய நிலையம் அங்கேதான் இருந்தது. யுத்தத்துக்குப் பின்பு நோர்தேன் பவர் என்ற தனியார் கம்பெனி எண்ணெயில் இயங்கும் மின் நிலையம் ஒன்றை அங்கே நடத்தியது. இருட்டில் கிடந்த குடாநாட்டுக்கு மின்சாரம் வேண்டியிருந்தது, அதையும் நாம் மறக்கக் கூடாது. ஆனால் 2013, 2014 வாக்கில் சுற்றுப்புறத்துக் கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது, மணக்கிறது என்று முறைப்பாடுகள் பெருகின. நீர் வழங்கல் சபை கிணறுகளைச் சோதித்தது. சோதித்தவற்றில் பெரும்பாலானவற்றில் அளவுக்கு மேல் எண்ணெய் இருப்பதாகத் தெரிந்தது. மாகாண சபை நியமித்த நிபுணர் குழு வேறு விதமாகச் சொன்னது. ஒரு பக்கம் குடிக்காதே என்கிறார்கள், மறுபக்கம் பயமில்லை என்கிறார்கள். சனம் என்ன செய்யும்? பௌசரில் வந்த தண்ணீருக்கு வாளியோடு வரிசையில் நின்றது. வீட்டு முற்றத்தில் கிணறு இருக்க, தெருவில் தண்ணீருக்கு நிற்பது அந்த மக்களுக்கு எவ்வளவு மானக்கேடாக இருந்திருக்கும் என்பதை, பீலியடியில் குடத்தை வரிசை வைத்துச் சண்டை பிடித்த நாம் கொஞ்சம் உணரலாம்.

2015 ஜனவரியில் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். அதே காலத்தில் மல்லாகம் நீதவான் நீதிமன்றம் நிலையத்தின் இயக்கத்தை நிறுத்தி வைக்கக் கட்டளையிட்டது. அதன் பின்பு கொழும்பிலே உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு ஒன்று தாக்கலானது. இலக்கம் 141/2015. மனுதாரர் கலாநிதி ரவீந்திர குணவர்தன காரியவசம். மத்திய சுற்றாடல் அதிகார சபை, கம்பெனி ஆகியவற்றோடு இன்னும் பலரும் எதிர்மனுதாரர். தீர்ப்பு வந்தது 2019 ஏப்ரல் 4ஆம் திகதி. நீதியரசர் பிரசன்ன ஜயவர்தன எழுதிய நீண்ட தீர்ப்பு அது. நிலத்தடி நீர் மாசுபட்டதற்குக் கம்பெனி பொறுப்பு என்று கண்டு, பாதிக்கப்பட்ட சுன்னாகப் பகுதி மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி நீதிமன்றம் கட்டளையிட்டது. கெடுத்தவனே கொடுக்க வேண்டும் என்ற கொள்கையை நமது நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் தெளிவாகப் பிரயோகித்த வழக்கு என்று சட்டம் படித்தவர்கள் இதைச் சொல்கிறார்கள்.

இந்த வழக்கில் நாம் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். மனுதாரருக்குச் சுன்னாகத்தில் கிணறு கிடையாது என்பது முதலாவது. அவர் பொதுநலம் கருதி வழக்குப் போட்டவர். "உமக்கு என்ன உரித்து?" என்ற ஆட்சேபனையால் அந்த வழக்குத் தள்ளப்படவில்லை. நமக்கு இது பெரிய விஷயம். ஏனென்றால் தோட்டத்தில் எதைக் கேட்டாலும் "உறுதி இருக்கா? காணி உன் பேரிலா?" என்றுதான் வாயை அடைப்பார்கள். காணி அரசாங்கத்துடையது, 1992க்குப் பிறகு நிர்வாகம் கம்பெனிகளிடம், லயக் காம்பரா நம் பெயரில் இல்லை. உண்மைதான். ஆனால் தண்ணீரைக் குடிப்பவருக்கு அது கெடுகிறது என்று சொல்ல உறுதிப்பத்திரம் தேவையில்லை.

இரண்டாவது, காலம். மனு 2015இல், தீர்ப்பு 2019இல். நாலு வருடம். கிணறு கெட்ட பிறகு கிடைத்த நீதி அது. யாழ்ப்பாணத்தில் கிணறு இன்னாருடையது என்று காட்டலாம், கணக்கெடுக்கலாம். நமது பீலி யாருடையது? ஊற்று வற்றிப்போனால் எந்தக் குடும்பத்துக்கு எவ்வளவு நட்டம் என்று எப்படி எழுதுவது? ஆகையால் நமக்குப் பணத்தை நினைத்துக் காத்திருப்பது சரிவராது. அனுமதி கொடுக்கும் கட்டத்திலேயே பிடிக்க வேண்டும்.

அனுமதி எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதை இப்போது பார்ப்போம். சின்னக் கட்டடங்களுக்குப் பிரதேச சபை. நகர அபிவிருத்தி அதிகார சபையின் 1978ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ்ப் பிரகடனப்படுத்திய இடமென்றால் அந்தச் சட்டத்தின் கீழான அபிவிருத்தி அனுமதியும் வேண்டும். சுற்றாடலைப் பாதிக்கக்கூடிய தொழிலென்றால், 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி சுற்றாடல் பாதுகாப்பு உரிமம். பெரிய திட்டமென்றால், 1988இல் அந்தச் சட்டத்தில் சேர்த்த பகுதியின்படி முதலில் ஆய்வறிக்கை. எவை பெரிய திட்டங்கள் என்பது 1993 யூன் மாத வர்த்தமானியில் பட்டியலாக வந்தது. 50 மெகாவற்றுக்கு மேற்பட்ட நீர்மின் நிலையம், 25 மெகாவற்றுக்கு மேற்பட்ட அனல்மின் நிலையம் என்று அளவு போட்டிருக்கிறார்கள். நமது ஓடைகளில் வரும் சின்ன நீர்மின் திட்டங்கள் இந்த அளவுக்குக் கீழேதான். காட்டு எல்லைக்குப் பக்கம் போன்ற சில விசேட இடங்களில் மாத்திரம் அவையும் பட்டியலுக்குள் வரும். பட்டியல் போட்டவர்கள் தலவாக்கலை அணை போன்ற பெரியதை மனதில் வைத்திருப்பார்கள் போலும். ஆனால் முப்பது குடும்பத்துக்கு ஒரு சின்ன ஓடைதான் மகாவலி.

ஆய்வறிக்கையிலும் இரண்டு வகை உண்டு. முழுமையான சுற்றாடல் தாக்க மதிப்பீடு என்றால் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஒவ்வொன்றிலும் ஒரு பத்திரிகையிலும் அறிவித்தல் போட வேண்டும். 30 நாளுக்குள் எவரும் கருத்து எழுதலாம். வெறும் ஆரம்பப் பரிசோதனை அறிக்கை என்றால், கேட்டுப் பார்வையிடலாம், ஆனால் அந்த விளம்பரக் கட்டாயம் இல்லை. தமிழ்ப் பத்திரிகையில் ஒரு மூலையில் வரும் அறிவித்தலை பெரட்டுக்குப் போகும் அவசரத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். வாசிகசாலையிலோ பாடசாலையிலோ பத்திரிகை வாங்கினால், படிக்கும் பிள்ளைகள் இருவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள் என்பதே எமது யோசனை.

இனி, அனுமதி கொடுத்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். சுற்றாடல் சட்டத்திலே மேன்முறையீடு இருக்கிறது, ஆனால் யாருக்கு என்று பார்க்க வேண்டும். உரிமம் மறுக்கப்பட்டவர், திட்டம் நிராகரிக்கப்பட்டவர், அவர்தான் அமைச்சின் செயலாளரிடம் மேன்முறையீடு செய்யலாம். அனுமதி கொடுக்கப்பட்டால் பக்கத்தில் குடியிருப்பவர் மேன்முறையீடு செய்ய அந்த வாசல் இல்லை. பெக்கோக்காரருக்கு 'இல்லை' என்று சொன்னால் அவர் மேலே போகலாம். 'ஆம்' என்று சொன்னால் நாம் மேலே போக இடமில்லை. இது ஒருதலைப்பட்சமான ஏற்பாடு என்பது எமது அபிப்பிராயம்.

ஆகையால் அயலார் நேராக நீதிமன்றத்துக்கே போக வேண்டியிருக்கிறது. அரசியலமைப்பின் 140ஆம் உறுப்புரையின்படி மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கேட்கலாம். றிட் என்று பேச்சில் சொல்வது அதுதான். மாகாண சபைக்குரிய விடயங்களில் மாகாண மேல் நீதிமன்றத்துக்கும் அந்த அதிகாரம் உண்டு. பிரதேச சபையின் முடிவு போன்றவற்றுக்குக் கொழும்புக்கு ஓடத் தேவையில்லாமல் போகலாம். கொடுத்த அனுமதியை ரத்துச் செய்யும்படியோ, கொடுக்கப் போவதைத் தடுக்கும்படியோ, செய்ய வேண்டிய கடமையை அதிகாரி செய்யும்படியோ நீதிமன்றம் கட்டளையிடலாம்.

ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்ள வேண்டும். கொழுந்து நிறுக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். எழுத்தாணை வழக்கிலே நீதிபதிகள் நமது கொழுந்தை மறுபடி நிறுக்க மாட்டார்கள். தராசு சரியாக நின்றதா, நிறுத்தவருக்கு நிறுக்க உரிமை இருந்ததா, சாக்குக்குக் கழித்தது சட்டப்படியா என்று மாத்திரம் பார்ப்பார்கள். அதாவது, இந்தத் திட்டம் நல்லதா கெட்டதா என்பதல்ல கேள்வி. அனுமதி கொடுத்தவருக்கு அதிகாரம் இருந்ததா, சட்டம் சொன்ன அறிக்கையை எடுத்தாரா, கேட்க வேண்டியவர்களைக் கேட்டாரா, பார்க்க வேண்டியதைப் பாராமல் விட்டாரா என்பதே கேள்வி. நமது சனங்கள் நீதிமன்றத்தில் போய்க் கண்ணீரோடு தண்ணீர்க் கஷ்டத்தைச் சொல்லிவிட்டு, "அவங்க கேக்கவே இல்லீங்க" என்று திரும்பி வருவதற்கு இதுதான் காரணம்.

நியாய சபை என்றால் மறுபடி நிறுக்கலாம். இந்தியாவில் 2010ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் என்று ஒன்றை வைத்தார்கள். தென்னிந்தியாவுக்குச் சென்னையில் அமர்வு. நீதிபதியோடு விஞ்ஞானம் தெரிந்த உறுப்பினரும் உட்காருவார். சுற்றாடல் அனுமதி கொடுத்ததை எதிர்த்துப் பாதிக்கப்படுபவர் 30 நாளுக்குள் முறையிடலாம், தக்க காரணம் இருந்தால் இன்னும் 60 நாள் வரை சலுகை உண்டு. அதிலும் குறை இல்லாமல் இல்லை. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையை மூடியது செல்லாது என்று அந்தத் தீர்ப்பாயம் 2018 டிசம்பரில் சொல்ல, அதற்கு அந்த வழக்கை விசாரிக்கும் அதிகாரமே இல்லை என்று 2019 பெப்ரவரியில் டில்லி உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை நீக்கியது. என்றாலும் அயலாருக்கென்று ஒரு வாசல் அங்கே இருக்கிறது. நமது நாட்டிலும் அப்படி ஒன்று வேண்டும் என்று சங்கங்கள் கேட்கலாம்; ஏன் கேட்கவில்லை என்பது எமக்கு விளங்கவில்லை.

அடிப்படை உரிமை மனு என்பது வேறு பாதை. 126ஆம் உறுப்புரை. புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் மாத்திரம். உரிமை மீறப்பட்ட நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் போட வேண்டும். இந்த ஒரு மாதம் நமக்கு வில்லங்கமானது. தோட்டத்துக்கு வரும் கடிதம் முதலில் ஒப்பீசுக்குப் போய், பெரிய கிளாக்கர் மேசையில் கிடந்து, பிறகு யாரோ ஒரு பிள்ளையின் கையில் வந்து சேர்வதற்குள் பாதி மாதம் போய்விடுகிறது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. ஆகையால் சட்டத்தரணியைத் தேட நேரமில்லையென்றால் முதலில் அந்த முறைப்பாட்டைப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட வேண்டும்.

விளைந்த பிறகு மாத்திரமா போராட்டம் என்று கேட்பவர்களுக்கு எப்பாவலைக் கதையைச் சொல்லலாம். அநுராதபுரம் பக்கத்தில் எப்பாவலையில் பொஸ்பேற் மண்ணை அகழ ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு அரசாங்கம் உடன்படிக்கை போடத் தயாரானது. அந்த இடத்து வாசிகள் சிலர், விவசாயிகள் உட்பட, உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். முறையான ஆய்வும் சுற்றாடல் மதிப்பீடும் இல்லாமல் அதைச் செய்யக் கூடாது என்று 2000ஆம் ஆண்டு யூன் மாதம் தீர்ப்பு வந்தது. ஒரு மண்வெட்டி போடுவதற்கு முன்பே தடுத்துவிட்டார்கள். காரணம், உடன்படிக்கையின் வரைவைக் கையில் வைத்துக்கொண்டு பேசினார்கள். நாம் அடிக்கடி வெறுங்கையோடு போகிறோம்.

கையில் தாள் வேண்டும் என்பதால் இன்னொரு சட்டத்தைச் சொல்ல வேண்டும்: 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம். பிரதேச சபைக்கோ சுற்றாடல் அதிகார சபைக்கோ ஒரு வெள்ளைத் தாளில் எழுதலாம். ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்க முடியாது. தமிழில் எழுதினால் தமிழில் பதில் பெற நமக்கு உரிமை உண்டு. தருவதா இல்லையா என்று 14 வேலை நாளுக்குள் தீர்மானம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அதே நிறுவனத்தில் குறித்த அதிகாரியிடம் மேன்முறையீடு, அதற்கும் சரிவராவிட்டால் ஆணைக்குழு. பார்க்கப்போனால் நமது தாயார் கேட்ட "லேபர் டிரிபியூனல் மாதிரி" இடத்துக்குக் கிட்டத்தட்ட வருவது இந்த ஆணைக்குழுதான். ஆனால் அது தாளை வாங்கித் தருமே தவிர பெக்கோவை நிறுத்தாது.

பெக்கோவை உடனே நிறுத்த வேண்டுமானால் கிட்ட உள்ள இடம் நீதவான் நீதிமன்றம். 1979ஆம் ஆண்டுக் குற்றவியல் நடவடிக்கைச் சட்டக்கோவையின் 98ஆம் பிரிவின்படி, பொதுத் தொல்லையை நீக்கும்படி நீதவான் நிபந்தனைக் கட்டளை இடலாம். அதற்குப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை பெரிய பலம். அவரைக் கூப்பிட்டுத் தண்ணீரைப் போத்தலில் எடுக்கச் சொல்ல வேண்டும். நாமே எடுத்துக் கொண்டுபோன போத்தலை எதிர்த்தரப்பு லேசாகத் தட்டிவிடும். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவின் கிளைக்குப் போகலாம். வருமானத்தைப் பற்றிக் கேட்பார்கள், கிராம உத்தியோகத்தரின் கடிதத்தைக் கொண்டுபோவது நல்லது.

பிரதேச சபை பற்றியும் ஒரு வார்த்தை. தோட்டத்துக்குள் நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது என்று முன்பு கையை விரிப்பார்கள். சட்டமும் அப்படித்தான் இருந்தது. 2018இல் பிரதேச சபைகள் சட்டத்தைத் திருத்தினார்கள், தோட்டக் குடியிருப்புகளுக்கும் சபை வேலை செய்யலாம் என்று ஆனது. நமது வாக்கில் போன உறுப்பினர்களிடம் அனுமதிக்கு வரும் விண்ணப்பங்களைப் பற்றி மாதம் ஒருமுறை கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கடிதம் எழுதிய தாயாரின் விஷயத்துக்கு வருவோம். எமது உத்தியோகத்தர் ஒருவர் போன ஞாயிற்றுக்கிழமை அந்த டிவிசனுக்குப் போனார். ஊற்றுக்கும் வெட்டுக்கும் எத்தனை அடி என்று கயிறு பிடித்து அளந்தார்கள், அன்றைய பத்திரிகையைக் கையில் பிடித்துப் படம் எடுத்தார்கள். அனுமதியின் பிரதியும், அதற்கு முன் எடுத்த அறிக்கைகளும், போட்ட நிபந்தனைகளும் வேண்டும் என்று இரண்டு விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. ஒன்று சபைக்கு, மற்றது சுற்றாடல் அதிகார சபைக்கு. இருபத்தேழு பேர் கையெழுத்து வைத்தார்கள், மூன்று பேர் பயந்து வைக்கவில்லை, அவர்களை நாம் குறை சொல்லவில்லை. பதில் விலாசமாகத் தோட்ட ஒப்பீசைப் போடாமல், பாடசாலைக்குப் பக்கத்தில் உள்ள கடையின் விலாசத்தைப் போட்டிருக்கிறார்கள். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போனது, பற்றுச்சீட்டு அந்தத் தாயாரிடம் இருக்கிறது. 14 வேலை நாள் முடிந்ததும் என்ன பதில் வந்தது என்பதை அடுத்த இதழில் எழுதுகிறோம்.